நெளியாமல் உட்காருங்கள்: மூலத்தோடு வேலைக்குப் போகிறவர்களுக்கு

பிளவக்கல்லில் வீடு, ராஜபாளையத்தில் மில் வேலை. கேட் மூடுவதற்குள் கார்டு பஞ்ச் ஆக வேண்டுமானால் கூமாபட்டி, வத்திராயிருப்பு, ஸ்ரீவில்லிபுத்தூர் என்று பஸ் மாறி வந்து சேர வேண்டும். முதல் பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் வீட்டில் தள்ளிப்போடப்படும் முதல் காரியம் கக்கூஸ் போவது. 'அங்க போய் பாத்துக்கலாம்' என்று கிளம்புவீர்கள். அங்கே போனால் அந்தக் கழிவறைக்குள் கால் வைக்க மனசு வராது. ராத்திரி வீடு திரும்பி முக்கிக்கொண்டு உட்கார வேண்டியதுதான். இப்படியே இரண்டு வருஷம் ஓட்டுகிறவருக்கு மூலம் வருமா வராதா என்று ஜாதகம் பார்க்கத் தேவையில்லை.

1936-ல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்ஸைத் தொடங்கிய காலத்திலிருந்து இந்த வட்டாரத்தின் தூக்கமும் சாப்பாடும் ஷிப்டுக்குக் கட்டுப்பட்டவை. வயிறும் குடலும் மட்டும் எப்படித் தப்பிக்கும்?

நான் இங்கே சொல்லப்போவது அடுத்த அப்ரைசலில் தன் பெயர் மேலே இருக்க வேண்டும் என்று நினைக்கிறவர்களுக்கு. நூல் மில்லின் ரிங் ஃப்ரேமில் நடக்கும் சைடர், ஆபீஸில் நாற்காலியைத் தேய்க்கும் அக்கவுன்டன்ட், பைக்கில் சுற்றும் மெடிக்கல் ரெப், கிருஷ்ணன்கோவில் காலேஜில் கேம்பஸ் இன்டர்வியூவுக்குத் தயாராகும் மாணவர், போலீஸ் வேலைக்கு மைதானத்தில் ஓடும் பையன் எல்லாரும் இதில் அடக்கம். மூலத்துக்கு வைத்தியம் இருக்கிறது, அதுவும் எளிய வைத்தியம். வேலையைக் கெடுப்பது வெட்கம். 'சூட்டுல வந்திருக்கு, தானா போயிரும்' என்று ஒருவர் ஒளித்து வைத்திருக்கிற ஒரு வருஷத்தில், பக்கத்து சீட்காரர் ஒரு சனிக்கிழமை டாக்டரைப் பார்த்துவிட்டு திங்கட்கிழமை தெம்பாக வேலைக்கு வந்துவிடுவார். புரமோஷன் யாருக்குப் போகும் என்று நினைக்கிறீர்கள்?

1. முதலில் இது மூலம்தானா என்று தெரிந்துகொள்ளுங்கள்

ஆசனவாயின் உட்புறத்தில் ரத்தக்குழாய்கள் நிறைந்த மெத்தென்ற திசு எல்லாருக்கும் உண்டு. காற்றும் நீரும் கசியாமல் அடைத்து வைப்பது அதன் வேலை. முக்கி முக்கி அது வீங்கிக் கீழே சரியும்போதுதான் நாம் மூலம் என்கிறோம். உள் மூலத்தில் வலி இருக்காது. மலம் கழித்த பிறகு சொட்டுச் சொட்டாகச் சிவப்பு ரத்தம் விழும், அவ்வளவுதான். டாக்டர்கள் இதை நான்கு கிரேடாகப் பிரிக்கிறார்கள். ரத்தம் மட்டும் வந்தால் முதல் கிரேடு. முக்கும்போது வெளியே வந்து தானே உள்ளே போனால் இரண்டு. விரலால் தள்ளிவிட வேண்டியிருந்தால் மூன்று. தள்ளினாலும் போகாவிட்டால் நான்கு. டாக்டரிடம் போவதற்கு முன் நீங்கள் எந்த கிரேடு என்று உங்களுக்கே ஓரளவு தெரிந்துவிடும். செலவும் லீவும் அதை வைத்தே முடிவாகும்.

உயிர் போகிற வலி என்றால் அது பெரும்பாலும் வேறு விஷயம். மலம் கழிக்கும்போது கண்ணாடித் துண்டு கீறுவது மாதிரி வலித்து, பிறகும் மணிக்கணக்கில் எரிந்தால் அது ஆசனவாய் வெடிப்பு. அதற்குக் கொடுக்கிற ஆயின்ட்மென்ட் வேறு. தசையைத் தளர்த்துகிற வகை. பக்கத்தில் சின்ன ஓட்டை விழுந்து சீழ் கசிந்தால் பௌத்திரம். அதற்கு மூல மாத்திரை தின்று பயனில்லை. திடீரென்று ஒரே நாளில் திராட்சை அளவுக்கு நீலக் கட்டி தோன்றி உட்கார முடியாமல் போனால் வெளி மூலத்தில் ரத்தம் உறைந்திருக்கிறது. முதல் 72 மணி நேரத்துக்குள் சர்ஜனிடம் போனால் மரத்துப்போக ஊசி போட்டு அதை எடுத்துவிடுவார், வலி சட்டென்று குறையும். தாமதித்தால் ஒன்றிரண்டு வாரம் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருக்க வேண்டியதுதான்.

இதில் விளையாடக் கூடாத விஷயம் ஒன்று உண்டு. 45 வயதுக்கு மேல் முதல்முறையாக ரத்தம் வருவது, ரத்தம் கருத்தோ மலத்தோடு கலந்தோ வருவது, காரணமில்லாமல் எடை குறைவது, மலம் போகிற பழக்கமே வாரக்கணக்கில் மாறிப்போவது, குடும்பத்தில் யாருக்காவது குடல் புற்றுநோய் இருந்தது. இவற்றில் ஒன்று இருந்தாலும் 'மூலம்தான்' என்று நீங்களாக முடிவு கட்டாதீர்கள். குடல் புற்றுநோய் மூலத்தின் வேஷத்தில்தான் பல பேரிடம் வந்திருக்கிறது. குடலுக்குள் பார்க்கும் கொலனாஸ்கோபி சோதனை செய்யச் சொன்னால் செய்யுங்கள். சின்ன வயதுக்காரர்களுக்கும் அறிகுறி இருந்தால் விலக்கு இல்லை.

2. காலை அரை மணி நேரத்தை பிளாக் செய்யுங்கள்

மீட்டிங்குக்கு காலண்டரில் நேரம் பிளாக் செய்கிறீர்கள். இதற்கும் செய்யுங்கள். வயிற்றுக்குள் ஏதாவது போனதும் பெருங்குடல் அசைந்து கொடுக்கும். தூங்கி எழுந்த பிறகு அந்த அசைவு இன்னும் பலமாக இருக்கும். ஆகவே பஸ்ஸுக்குக் கிளம்புவதற்கு அரை மணி நேரம் முன்னால் எழுங்கள். ஒரு டம்ளர் வெந்நீரோ காபியோ குடியுங்கள். பத்து நிமிஷம் வீட்டுக்குள் நடங்கள். வருகிறது என்று தோன்றியதும் போய்விடுங்கள். வரும்போது அடக்கிப் பழகினால் குடல் கூப்பிடுவதையே நிறுத்திவிடும். உள்ளே தங்குகிற மலம் தண்ணீர் வற்றிக் கல்லாகும்.

அரை நைட், ஃபுல் நைட் ஷிப்ட் பார்ப்பவர்களுக்கு 'காலை' என்பது மத்தியானம் மூன்று மணியாக இருக்கலாம். பரவாயில்லை. தூங்கி எழுந்து முதல் சாப்பாடு எப்போதோ அதற்குப் பிறகு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஷிப்ட் மாறுகிற வாரம் குடலும் தடுமாறும், அந்த வாரம் மட்டும் தண்ணீரும் பழமும் கூடுதலாக இருக்கட்டும்.

வெஸ்டர்ன் டாய்லெட் என்றால் காலுக்குக் கீழே ஒரு சின்ன ஸ்டூல் போட்டு முழங்காலை உயர்த்திக்கொள்ளுங்கள். குந்தி உட்காருகிற நிலை கிடைக்கும், முக்குவது குறையும். நம் பழைய இந்தியன் கிளாசெட் இந்த விஷயத்தில் ஸ்மார்ட்டானது. புது வீடு கட்டுகிறவர்கள் அதை ஒரேயடியாக ஒழித்துக்கட்டுவது ஏன் என்று எனக்குப் புரிந்ததில்லை.

3. போனை வெளியே வைத்துவிட்டுப் போங்கள்

பாஸ்டனில் கொலனாஸ்கோபிக்கு வந்த 125 பேரை வைத்து ஒரு ஆய்வு, 2025-ல் 'பிளாஸ் ஒன்' இதழில் வெளியானது. மூன்றில் இரண்டு பேர் டாய்லெட்டுக்குப் போனோடு போகிறவர்கள். அவர்களுக்கு மூலம் இருக்கிற வாய்ப்பு, போன் இல்லாமல் போகிறவர்களைவிட 46 சதவீதம் அதிகம். போன் வைத்திருப்பவர்களில் நூற்றுக்கு 37 பேர் ஐந்து நிமிஷத்துக்கு மேல் உட்கார்ந்திருந்தார்கள். இல்லாதவர்களில் 7 பேர்தான். போன்தான் மூலத்தை உண்டாக்குகிறது என்று அந்த ஆய்வு நிரூபித்துவிடவில்லை. ஆனால் தாங்குதல் எதுவும் இல்லாமல் அந்தப் பகுதி நெடுநேரம் தொங்கிக்கொண்டிருப்பது நல்லதல்ல என்பதை எந்த சர்ஜனும் சொல்வார்.

கூமாபட்டியைப் பற்றிய ரீல்ஸ் 2025-ல் வைரலானபோது, பக்கத்திலுள்ள பிளவக்கல் அணையைத் தமிழ்நாடே போனில் பார்த்தது. அதில் எத்தனை பேர் எங்கே உட்கார்ந்து பார்த்தார்கள் என்பதை யோசித்தால் சிரிப்புத்தான் வருகிறது. ஐந்து நிமிஷத்தில் வரவில்லையா, எழுந்து வந்துவிடுங்கள். முக்கி வரவழைக்கிற மலம் உங்களுக்கு லாபமில்லை.

4. டிபன் பாக்ஸ்தான் முதல் மருந்து

நார்ச்சத்து மூலத்துக்கு எவ்வளவு உதவும் என்று 378 நோயாளிகள் பங்கேற்ற ஏழு ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்திருக்கிறார்கள். ரத்தம் போகிற வாய்ப்பு ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. இவ்வளவு மலிவான மருந்து இந்த வியாதிக்கு வேறு கிடையாது. இருந்தும் மெடிக்கலுக்குப் போய் முதலில் ட்யூப் மருந்துதான் கேட்கிறோம்.

ஒரு நாளைக்கு 25 முதல் 30 கிராம் நார்ச்சத்து வேண்டும். நம் மதியச் சாப்பாடு எப்படி இருக்கிறது? நன்றாகத் தீட்டிய அரிசிச் சோறு, குழம்பு, கொஞ்சூண்டு பொரியல். நைட் ஷிப்ட் முடிந்தால் எண்ணெய்ப் பரோட்டா, சால்னா, இரண்டு டீ. விருந்தாளி வந்தால் பால்கோவா. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது, ஊருக்கே பெருமை. ஆனால் பாலும் சர்க்கரையும் சேர்ந்த அந்த இனிப்பில் நார்ச்சத்து துளியும் இல்லை. பரோட்டாவின் மைதாவிலும் பேருக்குத்தான் இருக்கிறது.

சாப்பாட்டைத் தலைகீழாக மாற்றச் சொல்லவில்லை. டிபன் பாக்ஸில் பொரியலின் அளவை இரட்டிப்பாக்குங்கள், சோற்றைக் குறையுங்கள். அவரைக்காய், கொத்தவரங்காய், வாழைத்தண்டு, கீரை என்று மாற்றி மாற்றி வரட்டும். மாலை பஜ்ஜிக்குப் பதில் ஒரு கப் சுண்டல். பஸ் ஸ்டாண்டில் கொய்யாப் பழம் கண்ணில் பட்டால் வாங்கிக்கொள்ளுங்கள், கொட்டையோடு தின்னுங்கள். மாம்பழ சீசனில் ராஜபாளையத்துக்காரர்களுக்குச் சப்பட்டை இருக்கவே இருக்கிறது. வாரத்தில் இரண்டு நாள் கம்பங்கூழோ கேப்பைக் களியோ இருந்தால் இன்னும் நல்லது.

இதெல்லாம் முடியாத பிஸி ஆளா? இசப்கோல் என்ற நார்ச்சத்துப் பொடி வாங்குங்கள். ராத்திரி ஒரு டேபிள்ஸ்பூன், பெரிய டம்ளர் தண்ணீரில் கலந்து உடனே குடித்துவிட்டு மேலே இன்னொரு டம்ளர் தண்ணீர். தண்ணீர் குறைத்தால் அதுவே அடைத்துக்கொள்ளும். முதல் சில நாள் வயிறு உப்பும், காற்றுப் பிரியும். முக்கியமான பிரசன்டேஷன் இருக்கிற வாரத்தில் புதிதாகத் தொடங்காதீர்கள். பேதி மாத்திரையை அடிக்கடி போட்டுப் பழகாதீர்கள். வயிற்றுப்போக்கும் மூலத்துக்கு எதிரிதான்.

சில மாத்திரைகளே மலச்சிக்கலைக் கொண்டுவரும். இரும்புச்சத்து மாத்திரை, சில அல்சர் மருந்துகள், கோடீன் கலந்த இருமல் சிரப், கடும் வலி மாத்திரைகள் இந்த வகை. ரத்தம் போய்ப் போய் ரத்தசோகை வந்து, அதற்கு இரும்பு மாத்திரை போட்டு, அதனால் மலம் இறுகி, இன்னும் ரத்தம் போகிற வட்டத்தில் மாட்டிக்கொண்டவர்கள் உண்டு. எதைச் சாப்பிடுகிறீர்கள் என்று டாக்டரிடம் ஸ்ட்ரிப்போடு காட்டுங்கள்.

5. வலி வந்த அன்று ஆபீஸில் எப்படிச் சமாளிப்பது

வீட்டை விட்டுக் கிளம்புமுன் ஒரு அகலமான டப்பில் இதமான வெந்நீர் ஊற்றி 10 முதல் 15 நிமிஷம் இடுப்பு அமிழ உட்காருங்கள். சாயங்காலம் திரும்பி வந்ததும் இன்னொரு முறை. வெறும் வெந்நீர் போதும். டெட்டால் ஊற்றினால் தோல் எரியும். துடைக்கும்போது தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். மரத்துப்போகச் செய்யும் லிக்னோகெய்ன் ஆயின்ட்மென்ட் அன்றைய பொழுதை ஓட்ட உதவும். ஸ்டீராய்டு கலந்த ட்யூப்பை ஒரு வாரத்துக்கு மேல் தொடராதீர்கள், தோல் மெலிந்துபோகும். ரத்தம் அதிகமாகப் போகிற நாட்களுக்கு டயோஸ்மின் வகை மாத்திரையை டாக்டர் எழுதித் தருவார். நீங்களாக வாங்கிப் போட வேண்டாம்.

மீட்டிங்கில் கதவோரம் உட்காருங்கள். மணிக்கு ஒருமுறை எழுந்து தண்ணீர் பாட்டிலை நிரப்பிக்கொண்டு வாருங்கள். தண்ணீரும் உள்ளே போகும், எழுந்ததற்குக் காரணமும் கிடைக்கும். நெளிந்துகொண்டே பேசினால் எதிரில் இருப்பவர் உங்களுக்குத் தன்னம்பிக்கை இல்லை என்று எடுத்துக்கொள்வார். உட்கார முடியவில்லை என்றால் 'நான் நின்றுகொண்டே பிரசன்ட் பண்றேன்' என்று எழுந்துவிடுங்கள். பார்ப்பதற்கு எனர்ஜியாகவும் இருக்கும்.

நாள் முழுக்க நிற்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. கடைகளில் வேலை பார்ப்பவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாடு 2021-ல் சட்டத்தைத் திருத்தியது. ஜவுளிக்கடை, நகைக்கடை சேல்ஸில் இருப்பவர்கள் இதைத் தெரிந்து வைத்திருங்கள். ஓனரிடம் சட்டம் பேசிச் சண்டை போடச் சொல்லவில்லை. நாலு பேர் சேர்ந்து ஸ்டூல் கேட்பதும் ஒருவர் தனியாகக் கேட்பதும் ஒன்றல்ல என்று மட்டும் சொல்கிறேன்.

பெண்களுக்குப் பிரச்சினை இன்னும் கூடுதல். வேலையிடத்தில் கழிவறை சரியில்லை என்று காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் இருக்கும் தங்கைகளை எல்லா ஊர் மில்லிலும் கடையிலும் பார்க்கலாம். தண்ணீரைக் குறைத்தால் மலம் இறுகும், சிறுநீர்த் தொற்றும் சேர்ந்து வரும். சுத்தமான கழிவறை கேட்பது சலுகை கேட்பதாகாது. கர்ப்ப காலத்திலும் பிரசவத்துக்குப் பிறகும் மூலம் வருவது சகஜம், பெரும்பாலும் சில வாரங்களில் அடங்கிவிடும். மெட்டர்னிட்டி லீவ் முடிவதற்குள் காட்டிவிட்டு வேலைக்குத் திரும்புங்கள். பெண் டாக்டர் வேண்டும் என்று கேட்கத் தயங்காதீர்கள்.

6. எந்த சிகிச்சைக்கு எத்தனை நாள் லீவ்

இங்கேதான் பிளானிங் வேண்டும். சாப்பாடும் பழக்கமும் சில வாரம் மாற்றியும் கேட்காத முதல் மூன்று கிரேடுகளுக்கு ரப்பர் பேண்ட் போடுவது நல்ல வழி. மூலத்தின் அடியில் சின்ன ரப்பர் வளையத்தை மாட்டிவிடுவார்கள். ரத்த ஓட்டம் நின்று அது சுருங்கி, ஒரு வாரம் பத்து நாளில் உதிர்ந்துவிடும். வலி உணர்கிற நரம்பு இல்லாத மேல் பகுதியில் போடுவதால் மயக்க ஊசி தேவைப்படாது. ஓ.பி.யிலேயே சில நிமிஷத்தில் முடியும். வெள்ளிக்கிழமை போட்டுக்கொண்டால் திங்கட்கிழமை சீட்டில் இருக்கலாம். பேண்ட் உதிரும் நாளில் கொஞ்சம் ரத்தம் வரும். அந்த வாரம் வெளியூர் டூர் வைத்துக்கொள்ளாதீர்கள். இதய நோய்க்காக ரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். பேண்ட் போட்ட பிறகு காய்ச்சல், கடும் வலி, சிறுநீர் வராமல் போவது என்று சேர்ந்து வந்தால் ராத்திரி பன்னிரண்டு மணியானாலும் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

முற்றிய மூன்றாம் கிரேடுக்கும் நான்காம் கிரேடுக்கும் ஆபரேஷன். வெட்டி எடுக்கும் முறையை லண்டன் செயின்ட் மார்க்ஸ் மருத்துவமனை சர்ஜன்கள் மில்லிகனும் மார்கனும் 1937-ல் விவரித்தார்கள். இன்றும் அதுதான் அடிப்படை. வலி அதிகம், இரண்டு முதல் நான்கு வாரம் ஓய்வு கேட்கும். ஆனால் திரும்ப வருவது குறைவு. ஸ்டேப்ளர் முறையில் சீக்கிரம் எழுந்து நடமாடலாம். இரண்டையும் 777 பேரிடம் ஒப்பிட்ட பிரிட்டன் ஆய்வு 2016-ல் 'லான்செட்'டில் வந்தது; நாளடைவில் பழைய ஆபரேஷன் செய்துகொண்டவர்களே கூடுதல் நிம்மதியாக இருந்தார்கள், ஸ்டேப்ளரில் மூலம் திரும்புவது அதிகமாக இருந்தது. லேசரை விளம்பரம் பெரிதாகக் காட்டும். வலி குறைவு என்பது உண்மைதான். எந்த கிரேடுக்கு, திரும்ப வருகிற வாய்ப்பு எவ்வளவு என்று சர்ஜனிடமே நேராகக் கேளுங்கள். 'ஒரே நாள், வலியில்லை' என்ற போர்டைப் பார்த்து மட்டும் முடிவெடுக்காதீர்கள்.

லீவை எங்கே செருகுவது? பொங்கல், தீபாவளிக்கு மில் மூடுகிற நாட்களோடு சேர்த்துக்கொள்வது புத்திசாலித்தனம். ஸ்ரீவில்லிபுத்தூர் ஆடிப்பூரத் தேரோட்டத்துக்கு விருதுநகர் மாவட்டத்தில் உள்ளூர் விடுமுறை விடுகிறார்களே என்று அதை மட்டும் தேர்ந்தெடுக்காதீர்கள். அன்றைக்கு அந்தக் கூட்டத்தைத் தாண்டி ஆட்டோவில் குலுங்கிக்கொண்டு ஆஸ்பத்திரி போவதை நினைத்துப் பாருங்கள். வீடு நிறைய விருந்தாளிகள் வேறு. ஆபரேஷனுக்குப் பிறகு சில வாரம் மூட்டை தூக்குகிற வேலை கூடாது. குடோனிலோ பாபின் டிராலியிலோ வேலை பார்ப்பவர்கள் லைட் டியூட்டி கேட்டு ஃபிட்னஸ் சர்டிபிகேட்டில் எழுதி வாங்குங்கள்.

7. பணக் கணக்கு

மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் என்றால் உங்கள் சம்பளத்தில் 0.75 சதவீதமும் முதலாளியிடமிருந்து 3.25 சதவீதமும் இ.எஸ்.ஐ.க்குப் போகிறது. கட்டிய பணத்தைப் பயன்படுத்துங்கள். டிஸ்பென்சரியில் காட்டினால் ஆபரேஷனுக்கு இ.எஸ்.ஐ. மருத்துவமனைக்கு ரெஃபர் செய்வார்கள். சிவகாசியில் ஒன்று இருக்கிறது, மதுரையில் ஒன்று இருக்கிறது. ஆறு மாதக் கணக்கில் குறைந்தது 78 நாள் சந்தா இருந்தால் மெடிக்கல் லீவுக்குச் சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கும், வருஷத்துக்கு 91 நாள் வரை. முதல் இரண்டு நாளுக்குப் பணம் வராது என்பதையும் கணக்கில் வையுங்கள்.

தனியாக ஹெல்த் இன்ஷூரன்ஸ் எடுத்தவர்கள் பாலிசியைப் புரட்டிப் பாருங்கள். மூலம், வெடிப்பு, பௌத்திரம் மூன்றும் பெரும்பாலான பாலிசிகளில் இரண்டு வருஷக் காத்திருப்புப் பட்டியலில் இருக்கும். ரத்தம் வந்த பிறகு பாலிசி எடுக்க ஓடுவது வீண். கம்பெனி குரூப் பாலிசியில் இந்தக் காத்திருப்பு பல இடங்களில் கிடையாது. ஆனால் ரிலீவ் ஆகிற அன்றே அந்தக் கவரேஜும் முடிந்துவிடும். வேறு கம்பெனி ஆஃபர் கையில் இருக்கிறதா? முதலில் ஆபரேஷன், அப்புறம் ரெசிக்னேஷன் லெட்டர். இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. கம்பெனி உங்களை வைத்துக் கணக்குப் போடும்போது நீங்கள் ஏன் போடக் கூடாது?

இது எதுவுமே இல்லாதவர்களுக்கு அரசு மருத்துவமனை இருக்கிறது. 2022 ஜனவரியில் விருதுநகரில் அரசு மருத்துவக் கல்லூரியே வந்துவிட்டது. போகும்போது முதலமைச்சர் காப்பீட்டு அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு கவுன்டரில் விசாரியுங்கள்.

8. யாரிடம் எவ்வளவு சொல்வது

மேனேஜரிடம்: 'சின்ன சர்ஜரி, டாக்டர் இத்தனை நாள் ரெஸ்ட் சொல்லியிருக்கார், இந்த வேலையை இன்னார்ட்ட ஒப்படைச்சிட்டுப் போறேன்.' இத்தனையே போதும். எந்த இடத்தில் சர்ஜரி என்று கேட்கிற மேனேஜர் குறைவு; கேட்டால் 'வயித்துப் பிரச்சினைதான் சார்' என்று முடித்துக்கொள்ளுங்கள். ஹெச்.ஆரிடம் க்ளெயிமுக்கு டிஸ்சார்ஜ் சம்மரி கொடுக்க வேண்டியிருக்கும், அதில் வியாதியின் பெயர் இருக்கும். அதை மூடிய கவரில், உரியவர் கையில் கொடுங்கள். டீம் வாட்ஸ்அப் குரூப்பில் ஸ்கேன் அனுப்புகிறவர்களும் இருக்கிறார்கள். கேன்டீனில் உட்கார்ந்து யாரிடமும் விவரிக்காதீர்கள். அனுதாபம் ஒரு நாள் இருக்கும், பட்டப்பெயர் ரிட்டயர்மென்ட் வரை வரும்.

அவமானம் தாங்காமல் மறைக்கச் சொல்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள், எல்லாருக்கும் எல்லாம் தெரிய வேண்டியதில்லை, அவ்வளவுதான். 1978 டிசம்பரில் அமெரிக்க அதிபர் ஜிம்மி கார்ட்டர் மூல வலியால் தன் அலுவல்களை ரத்து செய்தார். செய்தி உலகம் முழுக்க அச்சானது, அவர் பதவியில்தான் இருந்தார். 1980-ல் அமெரிக்காவின் பேஸ்பால் உலகத் தொடரில் ஜார்ஜ் பிரெட் மூல வலி தாங்காமல் இரண்டாவது ஆட்டத்தின் பாதியில் வெளியேறினார். சிறு சர்ஜரி செய்துகொண்டு மூன்றாவது ஆட்டத்துக்கு வந்து ஹோம் ரன் அடித்தார். டெஸ்ட் மேட்சின் நடுவில் ஒரு பேட்ஸ்மேன் இப்படிச் சொல்லிவிட்டுப் போக நம் ஊரில் இன்னும் எத்தனை காலம் ஆகுமோ.

9. காக்கிக்கும் ராணுவத்துக்கும் தயாராகிறவர்கள்

உங்களுக்குத்தான் அவசரம் அதிகம். ராணுவம், துணை ராணுவப் படைகளின் மருத்துவப் பரிசோதனையில் உடம்பின் எந்த மூலையையும் விட மாட்டார்கள். மூலம் நிராகரிப்புக்கான காரணங்களில் ஒன்று. எழுத்துத் தேர்வில் மார்க் எடுத்து, 1,600 மீட்டர் ஓடி முடித்து, கடைசியில் இதற்காகத் திரும்பி வருவது கொடுமை. அறிவிப்பு வரும்வரை காத்திராமல் இப்போதே ஒரு சர்ஜனிடம் காட்டுங்கள். ஆபரேஷன் தேவைப்பட்டால் புண் முழுக்க ஆறி, தழும்பு இளகுவதற்கு மாதக் கணக்கில் இடைவெளி இருக்கட்டும். வெயிட் தூக்கிப் பயிற்சி செய்பவர்கள் மூச்சை அடக்கி முக்காமல், தூக்கும்போது மூச்சை விடப் பழகுங்கள்.

10. பஸ் ஸ்டாண்டுச் சுவர் போஸ்டர்

'மூலம், பௌத்திரம், ஆபரேஷன் இல்லாமல் கேரண்டி' என்ற போஸ்டர் இல்லாத பஸ் ஸ்டாண்டைத் தமிழ்நாட்டில் பார்க்க முடியாது. லாட்ஜ் ரூமில் கேம்ப் போட்டு ஊசி போடுகிறவர் அடுத்த வாரம் எந்த ஊரில் இருப்பார் என்று யாருக்கும் தெரியாது. உள்ளே என்ன மருந்தைச் செலுத்தினார் என்பதும் தெரியாது. ஆசனவாய் சுருங்கி, மலம் போகவே வழியில்லாமல் பெரிய ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களில் இப்படிச் சிக்கியவர்கள் உண்டு. 1945-ஆம் ஆண்டின் மருந்து விதிகளில் 'ஷெட்யூல் ஜே' என்று ஒரு பட்டியல் இருக்கிறது. அதிலுள்ள வியாதிகளைக் குணப்படுத்துவதாக எந்த மருந்தும் உரிமை கொண்டாடக் கூடாது. மூலமும் பௌத்திரமும் அந்தப் பட்டியலில் உள்ளன. கேரண்டி என்ற சொல்லைப் பார்த்ததும் நகர்ந்துவிடலாம்.

நாட்டு வைத்தியம் முழுக்க வேண்டாம் என்பது என் கட்சியல்ல. பிடிகருணை மசியல், துத்திக் கீரை இரண்டும் நம் வட்டாரத்தில் மூலத்துக்குப் பேர்போனவை. பிடிகருணையை நன்றாக வேகவைத்துப் புளி சேர்த்து மசித்துச் சாப்பிடுங்கள், நார்ச்சத்தாவது சேரும். சித்த மருந்துதான் வேண்டும் என்றால் பட்டம் பெற்ற சித்த மருத்துவரிடம், அரசு சித்தப் பிரிவில் காட்டுங்கள். பாளையங்கோட்டையில் 1964-லிருந்து அரசு சித்த மருத்துவக் கல்லூரி இருக்கிறது. மூன்று மாதம் பார்த்தும் ரத்தம் நிற்கவில்லை, கட்டி வெளியிலேயே நிற்கிறது என்றால் சர்ஜனிடம் போவதற்கு அதே மருத்துவரிடம் கடிதம் கேளுங்கள். நல்லவர் கொடுப்பார்.

11. டாக்டர் ரூமில் முதல் இரண்டு நிமிஷம்

'வயிறு சரியில்ல சார்' என்று ஆரம்பிக்கிறவருக்கு கேஸ் மாத்திரைதான் கிடைக்கும். ஓ.பி.யில் உங்கள் பின்னால் நாற்பது பேர் நிற்கிறார்கள். இன்டர்வியூவில் 'டெல் மீ அபவுட் யுவர்செல்ஃப்'புக்கு ஒத்திகை பார்க்கிறீர்களே, இதற்கும் பாருங்கள். எத்தனை நாளாக ரத்தம் வருகிறது, என்ன நிறம், வலி உண்டா, வெளியே ஏதாவது வருகிறதா, அது தானே உள்ளே போகிறதா, வாரத்துக்கு எத்தனை தடவை மலம் போகிறது, என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள், வீட்டில் யாருக்குக் குடல் நோய் இருந்தது, என்ன ஷிப்ட். இவ்வளவையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு போங்கள். வாயால் சொல்லக் கூச்சமாக இருந்தால் சீட்டை நீட்டிவிடலாம். விரல் விட்டும் சின்னக் குழாய் வைத்தும் பார்ப்பார்கள், ஒரு நிமிஷ வேலை. பரிசோதனை செய்யாமல் மருந்துச் சீட்டு நீட்டினால், 'ஒரு தடவை பாத்துருங்க சார்' என்று நீங்களே கேளுங்கள். ஹீமோகுளோபின் டெஸ்டும் எழுதித் தரச் சொல்லுங்கள். மத்தியானம் ஷிப்ட் என்றால் காலை எட்டு மணிக்கே ஓ.பி. சீட்டு வாங்கிவிடுங்கள், திங்கட்கிழமை கூட்டம் அதிகம், புதன் வியாழனில் போங்கள்.